பானட் பக்கம்: கத்திரி வெயில்ல காருக்கு எந்த ஆயில் பாஸ்?

செமஸ்டர் எக்ஸாம், ப்ராஜெக்ட் ரிவ்யூ, ஹால் டிக்கெட் டென்ஷன்னு எல்லாம் ஒண்ணா வந்து மண்டையைக் காய வைக்கிற சீஸன் இது. அது போதாதுன்னு மே முதல் வாரத்துல கத்திரி வேற! வேலூர், கரூர், திருத்தணிப் பக்கமெல்லாம் 40 டிகிரி சர்வசாதாரணம். கடற்கரை ஊருன்னு பேர் வாங்கின சென்னையே 2003 மே 31-ம் தேதி 45 டிகிரியைத் தொட்டுப் பார்த்த ஊர்தான். நமக்காவது நுங்கு, இளநீர், நீர்மோர்னு ஆயிரம் வழி இருக்கு. பானட்டுக்குள்ள வெந்துக்கிட்டு இருக்கிற என்ஜினுக்கு?

அதுக்கு இருக்கிறது மூணே பேர்தான். காத்து, கூலன்ட், ஆயில். இதுல மூணாவது ஆளைப் பத்தித்தான் மெயில் பாக்ஸ் நிறைய கேள்வி. 'வெயில் காலத்துக்கு எந்த ஆயில் ஊத்தலாம்?', 'சிந்தெடிக் போட்டா ஹீட் ஆகாதாமே?', '20டபிள்யூ-50 போட்டா என்ஜின் ஸ்மூத்தா இருக்குமா?' இப்படி. அதுல கரூர்ல இருந்து வந்த ஒரு மெயில் கொஞ்சம் சீரியஸ். அதுக்குப் பின்னாடி வர்றேன். முதல்ல பேஸிக்ஸ்!

டபிள்யூன்னா வெயிட் இல்ல மாமே!

ஆயில் கேன் மேல 5டபிள்யூ-30, 15டபிள்யூ-40, 20டபிள்யூ-50-னு எழுதியிருப்பாங்க. எங்க கிளாஸ்ல 'டபிள்யூன்னா என்ன?'ன்னு கேட்டா, பாதிப் பேர் 'வெயிட்'னு சொல்றாங்க. கிடையாது. அது விண்ட்டர். குளிர்காலம்!

டபிள்யூவுக்கு முன்னாடி இருக்கிற நம்பர், ஆயில் கடுங்குளிர்ல எப்படி நடந்துக்கும்னு சொல்லுது. எவ்ளோ குளிர் தெரியுமா? 5டபிள்யூ ஆயிலை மைனஸ் 30 டிகிரியில வெச்சு, ஸ்டார்ட் பண்றப்போ கிராங்க் சுத்துமான்னு டெஸ்ட் பண்ணுவாங்க. 20டபிள்யூவுக்கு மைனஸ் 15. மார்கழி மாசம் தேங்காயெண்ணெய் பாட்டிலைக் கவுத்தா விழ மாட்டேங்குதே, அந்தப் பிரச்னைதான். ஆனா அவங்களுக்கு அது என்ஜினுக்குள்ள நடக்குது. நம்ம ஊட்டியில உறைபனி விழுற ராத்திரியில கூட பூஜ்யத்தை ஒட்டித்தான் நிக்கும். ஸோ, ஸ்டார்ட் ஆகுமா ஆகாதாங்கிற கவலைக்காக தமிழ்நாட்டுல யாரும் 0டபிள்யூ தேடி ஓட வேண்டியதில்லை.

பின்னாடி இருக்கிற நம்பர்தான் சூட்டுக்கானது. 100 டிகிரியில ஆயில் எவ்ளோ கெட்டியா இருக்குன்னு அளந்து கொடுக்கிற மார்க். அலகு பேரு சென்டிஸ்டோக். 9.3-ல இருந்து 12.5-க்குள்ள இருந்தா 30. அதுக்கு மேல 16.3 வரைக்கும் 40. அதையும் தாண்டினா 50. இது எஸ்.ஏ.இ.ங்கிற அமெரிக்க ஆட்டோமொபைல் இன்ஜினீயர்கள் சங்கம் போட்ட கணக்கு. 1911-லேயே ஆரம்பிச்சு, திருத்தித் திருத்தி இன்னிக்கும் உலகம் பூரா இதுதான் ஓடுது.

ஒரே ஆயில் எப்படி ரெண்டு நம்பர் வாங்குது? அதுல பாலிமர் கலந்திருக்காங்க. குளிர்ல சுருண்டு படுத்துக்கும், சூடானா கையைக் காலை நீட்டி விரியும். ஆயில் சூட்டுல தண்ணியா இளகுறதை அந்த விரிப்பு பிடிச்சு நிறுத்துது. மல்டிகிரேடுன்னு சொல்றது இதைத்தான். ஓடி ஓடி இந்தப் பாலிமர் வெட்டுப்பட்டு, ஆயில் கொஞ்சம் கொஞ்சமா இளகவும் செய்யும். பழைய ஆயிலை மாத்தச் சொல்ற காரணங்கள்ல இதுவும் ஒண்ணு.

கட்டையைத் துப்பின எண்ணெய்!

ஆயில் என்ன வேலை செய்யுதுன்னு கேட்டா, 'வழவழன்னு வெச்சுக்குது'ன்னு ஈஸியா சொல்லிடுவோம். உண்மையில அது கிராங்க் ஷாஃப்ட்டைத் தூக்கிப் பிடிக்குது. நம்பலையா? ஒரு சூப்பர் கதை இருக்கு.

1883. இங்கிலாந்துல பீச்சம்ப் டவர்னு ஒரு இன்ஜினீயர், ரயில் வண்டி அச்சுகளோட பேரிங்கை வெச்சு ஆராய்ச்சி பண்ணிட்டிருந்தார். பேரிங் மேல எண்ணெய் விட ஒரு ஓட்டை போட்டார். அச்சு சுத்தினதும் அந்த ஓட்டை வழியா எண்ணெய் மேல பொங்கி வந்துச்சு. கார்க் வெச்சு அடைச்சார், தள்ளிட்டு வந்துச்சு. சரின்னு மரக்கட்டையை அடிச்சு இறுக்கினார், அதையும் மெதுவா வெளிய துப்பிடுச்சு! கடுப்பாகி அங்கே ஒரு பிரஷர் கேஜை மாட்டினா, பேரிங் மேல இருந்த சராசரி சுமையைவிட ரெண்டு மடங்கு அழுத்தம் காட்டுச்சு. அதாவது, சுத்துற அச்சே எண்ணெயை இழுத்துக்கிட்டுப் போய் அடியில நெருக்கி, அந்த எண்ணெய்ப் படலத்து மேலேயே மிதக்குது. இரும்பும் இரும்பும் தொட்டுக்கிறதே இல்ல.

இதுக்கான கணக்கை 1886-ல எழுதினவர் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ். ஆமாங்க, ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல நம்மளைப் பாடாய்ப்படுத்துற அதே ரெனால்ட்ஸ் நம்பர் ரெனால்ட்ஸ்தான்!

அவர் கணக்கோட சாரம் இவ்ளோதான். அந்தப் படலம் நிக்கணும்னா மூணு விஷயம் ஒத்துழைக்கணும். ஆயில் போதுமான கெட்டியா இருக்கணும், அச்சு போதுமான வேகத்துல சுத்தணும், மேல இருக்கிற சுமை ஓவரா இருக்கக் கூடாது. இந்த மூணையும் மனசுல வெச்சுக்கோங்க. கடைசி வரைக்கும் இதுதான் வரப்போகுது.

வெளிய 42... உள்ள எவ்ளோ?

இப்போ மேட்டருக்கு வருவோம். 'வெயில் ஊரு தம்பி, கெட்டி ஆயிலா ஊத்திக்கோ.' எந்த ஷெட்டுக்குப் போனாலும் கேட்கிற டயலாக். இது பாதி நிஜம்.

ஓடுற என்ஜின்ல, ஊர் நார்வேயா நாமக்கல்லாங்கிறதை ஆயில் நேரடியா பார்க்கிறதில்ல. கூலன்ட் சூட்டைத் தெர்மோஸ்டாட்டும் ரேடியேட்டரும் சேர்ந்து 90 டிகிரி பக்கம் கட்டி வெச்சிருக்கும். அதை ஒட்டி சம்ப்ல இருக்கிற ஆயிலும் சாதாரணமா 90-ல இருந்து 110 டிகிரியில இருக்கும். பனிக்கட்டி ஊர்லயும் ஹைவேயில அரை மணி நேரம் ஓட்டினா அங்கேதான் வந்து நிக்கும். அதனால வெளிய 30 டிகிரி 42 ஆச்சுன்னா உள்ளேயும் அப்படியே 12 டிகிரி ஏறிடும்னு அர்த்தம் இல்ல.

அப்போ வெயிலுக்கும் ஆயிலுக்கும் சம்பந்தமே இல்லையா? இருக்கு. ரேடியேட்டர் சமாளிக்கத் திணறுற நேரத்துல இருக்கு. மத்தியானம் ரெண்டு மணி, கத்திப்பாராவுல வண்டி ஊர்ந்துக்கிட்டு இருக்கு, ஏ.சி. ஃபுல்லு, உள்ள அஞ்சு பேரு. முன்னாடி இருந்து காத்தே வரல, ஃபேன் மட்டும்தான் துணை. இல்லேன்னா கொல்லிமலையோட 70 கொண்டை ஊசி வளைவு, லக்கேஜ், செகண்ட் கியர். இந்த மாதிரி நேரத்துல ஆயில் 120, 130 வரைக்கும் போகலாம்.

அது எவ்ளோ பெரிய விஷயம்? ஹாஸ்டல்ல உட்கார்ந்து கால்குலேட்டரைத் தட்டினேன். மார்க்கெட்ல கிடைக்கிற சராசரி 5டபிள்யூ-30 ஆயில் 100 டிகிரியில சுமார் 11 சென்டிஸ்டோக்னு வெச்சுக்கோங்க. 110-க்குப் போனா அது 9 ஆயிடுது. 5டபிள்யூ-40 எடுத்தா 100-ல 14, 110-ல 11.4. கவனிச்சீங்களா? 110 டிகிரியில இருக்கிற 40 ஆயில், 100 டிகிரியில இருக்கிற 30 ஆயில் மாதிரியே இருக்கு. அதாவது பின் நம்பர்ல ஒரு கிரேடு ஏத்தினா, சுமார் 10 டிகிரி சூட்டுக்கு ஈடு கட்டுற மாதிரி. வெயிலுக்காகக் கெட்டி ஆயில்ங்கிற பேச்சோட மொத்த மதிப்பும் இந்தப் பத்து டிகிரிதான். சும்மா இல்ல, ஆனா மந்திரமும் இல்ல.

கெட்டின்னா சேஃப்... அப்படித்தானே?

அப்படின்னா 50 ஊத்திட்டு நிம்மதியா இருக்கலாமேன்னு தோணும். அங்கேதான் சிக்கல்.

ஒண்ணு, காலையில முதல் ஸ்டார்ட். நம்ம ஊர் காலை 30 டிகிரின்னு வெச்சாலும், 5டபிள்யூ-30 அப்போ சுமார் 100 சென்டிஸ்டோக். வேலை செய்யுற சூட்டுல இருக்கிறதைவிட ஒன்பது மடங்கு கெட்டி! அதே 30 டிகிரியில சராசரி 20டபிள்யூ-50 சுமார் 280. ரசம் ஊத்துற இடத்துல இட்லி மாவு ஊத்தின கதை. அது மேல ஏறி கேம் ஷாஃப்ட் வரைக்கும், டர்போ வரைக்கும் போய்ச் சேர கூடுதல் நேரம் ஆகும். படலம் உருவாகாத அந்தக் கொஞ்ச நேரம்தான் தேய்மானத்துக்குக் கொண்டாட்டம்.

ரெண்டு, ஆயில் சூட்டைத் தூக்கிட்டும் போகணும். பேரிங்குக்கும் ஷாஃப்ட்டுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி முடியைவிட மெல்லிசு. கெட்டி ஆயில் அதுல கம்மியாத்தான் ஓடும். ஓடுற ஆயிலும் உரசி உரசித் தானே சூடாகும். வெயிலுக்குப் பயந்து ஊத்தின கெட்டி, தானே சூட்டைக் கிளப்புது. பெட்ரோல் செலவும் கூடும்.

மூணு, புது கார்கள்ல ஆயில்தான் ஹைட்ராலிக்ஸ். வால்வ் டைமிங்கை மாத்துறது, டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கிறது எல்லாம் ஆயில் பிரஷர்ல ஓடுது. அந்த ஓட்டைகளோட சைஸ் குறிப்பிட்ட கெட்டிக்குக் கணக்குப் போட்டது. இன்னிக்கு வர்ற சில பெட்ரோல் கார்களோட மேனுவல்ல 0டபிள்யூ-16, 0டபிள்யூ-20 எல்லாம் இருக்கு. அதுல கொண்டுபோய் 20டபிள்யூ-50 ஊத்தினா, மெல்லிசு ஸ்ட்ரா போட்டுக் கரும்புப் பாகு குடிக்கிற மாதிரி.

அப்போ மெக்கானிக் அண்ணன்கள் சொல்றது தப்பா? அவங்களைக் கிண்டல் பண்ணாதீங்க ப்ளீஸ். அம்பாஸடர், பத்மினி என்ஜின்களை இறக்கி ஏத்திக் கத்துக்கிட்ட தொழில் அது. அந்த என்ஜின்கள்ல இடைவெளியும் தாராளம், அந்தக் காலத்து ஆயிலும் சூட்டுல சீக்கிரம் இளகும். அதுக்குக் கெட்டி ஆயில் சரியான வைத்தியம்தான். அம்பாஸடர் உற்பத்தி 2014-ல நின்னுடுச்சு. வைத்தியம் மட்டும் இன்னும் கைமாறிக்கிட்டே வருது.

கரூர் ஃப்ரெண்டுக்கு...

அந்த மெயில் இதுதான். கரூர்ல ஒரு ஆர்ட்ஸ் காலேஜ்ல ரெண்டாம் வருஷம் படிக்கிறார். அப்பா டாக்ஸி ஓட்டுறார். டீசல் செடான், 1 லட்சத்து 80 ஆயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கு. 'மே மாசம் கல்யாண சீஸன், வண்டி நிக்காம ஓடும். மெக்கானிக் 20டபிள்யூ-50 ஊத்தச் சொல்றார், ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் விலை உசந்த சிந்தெடிக்கைக் காட்டுறார். மேனுவல்ல 5டபிள்யூ-30, 5டபிள்யூ-40 ரெண்டும் போட்டிருக்கு. அப்பாவுக்கு இதுல எதை நம்புறதுன்னு தெரியல. என்ஜினை இறக்க வேண்டி வந்தா எங்க வீட்டுல அடுத்த வருஷம் நான் காலேஜ் போறதே டவுட்டு'ன்னு எழுதியிருக்கார்.

பாஸ், பாதி பதில் உங்க கையிலயே இருக்கு. மேனுவலைத் திறந்து பார்த்திருக்கீங்களே! நிறைய பேர் அதை டேஷ்போர்டுல இருந்து எடுக்கிறதே இல்ல. பல மேனுவல்கள்ல வெளி வெப்பநிலையைக் கோடு போட்டு, எந்தச் சூட்டுக்கு எந்த கிரேடுன்னு சின்னதா ஒரு படமே இருக்கும். ரூல் இதுதான்: மேனுவல் ஒரே ஒரு கிரேடு சொன்னா, கத்திரியா இருந்தாலும் அதுதான். ரெண்டு மூணு சொன்னா, நம்ம ஊர் வெயில், சுமை, மலைப்பாதைக்கு அந்த லிஸ்ட்ல பின் நம்பர் பெரிசா இருக்கிறதை எடுக்கலாம். லிஸ்ட்டை விட்டு வெளிய மட்டும் போகாதீங்க.

உங்க அப்பா வண்டிக்கு அந்தக் கணக்குல 5டபிள்யூ-40. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் சூடான பேரிங்குலதான் தெரியும். பேரிங்ல நசுங்குற ஆயிலை மாதிரியே 150 டிகிரியில, கடுமையா உரசவிட்டு ஒரு டெஸ்ட் இருக்கு. அதுல 30 கிரேடு வாங்க வேண்டிய குறைஞ்ச மார்க் 2.9, 5டபிள்யூ-40-க்கு 3.5. மெக்கானிக் கேட்ட கெட்டித்தனமும் கொஞ்சம் கிடைக்குது, காலையில 5டபிள்யூவோட சுறுசுறுப்பும் மிச்சம். அண்ணன்கிட்ட மேனுவல் பக்கத்தைக் காட்டிப் பக்குவமா பேசச் சொல்லுங்க. நல்ல மெக்கானிக் யாரும் கோச்சுக்க மாட்டார்.

ஆனா, கிரேடைவிட முக்கியமான ரெண்டு விஷயம் உங்க மெயில்லயே இல்ல.

முதல் விஷயம், எப்போ மாத்துறீங்க? ஆயில் கெட்டுப்போறது ஆக்ஸிஜனோட நடக்கிற ரசாயன வினை. ஃபர்ஸ்ட் இயர் கெமிஸ்ட்ரியில படிச்ச ரூல்தான்: 10 டிகிரி ஏறினா வினையோட வேகம் தோராயமா ரெண்டு மடங்கு. சூடான என்ஜின்ல ஆயில் சீக்கிரம் வயசாகிப் பிசுபிசுன்னு கசடாகுது. அதோட, கல்யாண மண்டப வாசல்ல ஏ.சி. ஓடட்டும்னு ஒரு மணி நேரம் என்ஜினை ஆன்லயே வெச்சிருந்தா, கிலோமீட்டர் மீட்டர்ல ஒண்ணும் ஏறாது. ஆயிலுக்கு வயசு மட்டும் ஏறும். அதனாலதான் மேனுவல்ல 'கடினமான பயன்பாடு'ன்னு தனியா ஒரு அட்டவணை இருக்கும். டாக்ஸி, தூசி, ஐட்லிங், டிராஃபிக், மலை... எல்லாம் அதுல வரும். பல கார்கள்ல அந்த இடைவெளி வழக்கமானதுல கிட்டத்தட்ட பாதி. விலை உசந்த ஆயிலை வாங்கி 15 ஆயிரம் ஓட்டுறதைவிட, மேனுவல் கேட்கிற தரத்துல ஒரு நல்ல ஆயிலை வாங்கி, ஃபில்டரோட சேர்த்து அந்த அட்டவணைப்படி மாத்துறதுதான் உங்க காலேஜ் ஃபீஸைக் காப்பாத்தும்.

ரெண்டாவது விஷயம், லெவல். 1.8 லட்சம் ஓடின என்ஜின் கொஞ்சம் ஆயில் குடிக்கும். வாரத்துக்கு ஒரு நாள், நீண்ட ட்ரிப்புக்கு முன்னாடி கட்டாயம், டிப் ஸ்டிக்கை எடுத்துப் பாருங்க. லெவல் இறங்கிட்டா இருக்கிற கொஞ்ச ஆயிலே திரும்பத் திரும்பச் சுத்தும், இன்னும் சூடாகும். சுமையோட வளைவுல சாயறப்போ பம்ப் காத்தை இழுத்துச்சுன்னா டவர் சார் சொன்ன படலம் காலி. அப்புறம் 5டபிள்யூ-40-ஆ 20டபிள்யூ-50-ஆன்னு விவாதம் பண்ண என்ஜினே இருக்காது. நீலப் புகை வந்தா, லெவல் சீக்கிரம் சீக்கிரம் இறங்கினா, கெட்டி ஆயில் ஊத்தி மறைக்காதீங்க. சத்தத்தைக் குறைச்சு நோயை ஒளிச்சு வைக்கிற வேலை அது. நேரா செக் பண்ணச் சொல்லுங்க.

கடைசியா ஒண்ணு, இது அப்பாவுக்கு. ஏத்தத்துல பெரிய கியர்ல வண்டியை முனக விட வேண்டாம். மூணு விஷயம் சொன்னேன் இல்லையா... சுத்துற வேகம் கம்மி, சுமை ஜாஸ்தி, ஆயில் சூட்டுல இளகியிருக்கு. மூணும் ஒண்ணா எதிரா நிக்கிற நேரம் அதுதான். ஒரு கியர் இறக்கினா பம்ப்பும் நல்லா தள்ளும், படலமும் நிக்கும். இதுக்கு அஞ்சு பைசா செலவில்ல!

கேன்ல வேற என்ன எழுதியிருக்கு?

கிரேடு மட்டும் பார்த்து வாங்குறது, சட்டையை சைஸ் மட்டும் பார்த்து வாங்குற மாதிரி. தரமும் பார்க்கணும்.

ஏ.பி.ஐ.ங்கிற எழுத்துக்குப் பக்கத்துல எஸ்.ல ஆரம்பிச்சா பெட்ரோல், சி.ல ஆரம்பிச்சா டீசல். பெட்ரோல்ல எழுத்து பின்னாடி போகப் போக புதுசு. எஸ்.எல். 2001-ல வந்தது, எஸ்.என். 2010, எஸ்.பி. 2020, எஸ்.க்யூ. 2025. பழைய எழுத்து கேட்கிற பெட்ரோல் வண்டிக்குப் புது எழுத்து ஊத்தலாம். தலைகீழா வேண்டாம்.

டீசல்ல ஒரு எச்சரிக்கை. 2020 ஏப்ரல் 1-ல இருந்து வந்த பி.எஸ்.6 டீசல் கார்கள்ல பொதுவா புகைக்கரியைப் பிடிக்கிற டி.பி.எஃப். ஃபில்டர் இருக்கும். எரியுற ஆயில்ல இருந்து வர்ற சாம்பல் அந்த ஃபில்டரை அடைச்சிடும். அதுக்குச் சாம்பல் கம்மியான ஆயில் வேணும். ஏ.சி.இ.ஏ.ங்கிற ஐரோப்பியத் தரத்துல சி2, சி3-ன்னு சி வரிசையில வர்றது அந்த ரகம். உங்க மேனுவல் எந்த சி கேட்குதோ அதைத்தான் வாங்கணும். 'அப்பா காலத்துல இருந்து இந்த ஆயில்தான்'னு லாரி ஆயிலை அதுல ஊத்தினா, ஃபில்டர் செலவு தாங்காது சாமி.

அடுத்து சிந்தெடிக். இது ஹீட்டைக் குறைக்கிற கூலிங் பவுடர் இல்ல. சூட்டுல சீக்கிரம் கெடாது, குறைவா ஆவியாகும், குளிர்ல நல்லா ஓடும். அவ்ளோதான், அதுவே பெரிய விஷயம்தான். ஆனா 'சிந்தெடிக்'ங்கிற வார்த்தையே கொஞ்சம் எலாஸ்டிக்! அமெரிக்காவுல காஸ்ட்ரால் கம்பெனி, கச்சா எண்ணெயில இருந்து நல்லா சுத்திகரிச்ச மூணாவது குரூப் ஆயிலை சிந்தெடிக்னு வித்துச்சு. இது போங்குன்னு மொபில் கம்பெனி விளம்பரங்களைக் கண்காணிக்கிற அமைப்புகிட்ட போச்சு. 1999-ல தீர்ப்பு காஸ்ட்ரால் பக்கம். அதுக்கப்புறம் அந்த ரகமும் சிந்தெடிக்னே விற்பனை ஆகுது. அது மோசமான ஆயில் இல்ல. ஆனா 'சிந்தெடிக்'ங்கிற ஒரு வார்த்தைக்காக மட்டும் பர்ஸைத் திறக்காதீங்க. கேன் பின்பக்கத்துல இருக்கிற தர எழுத்துதான் உண்மையைப் பேசும்.

பைக் பார்ட்டிகளே, ஒரு நிமிஷம்!

'கார் ஆயில் மிச்சம் இருக்கு, பைக்ல ஊத்தவா?'ன்னு கேட்கிற புண்ணியவான்கள் எல்லா ஹாஸ்டல்லயும் உண்டு. வேண்டாம். பெரும்பாலான கியர் பைக்ல கிளட்ச்சே ஆயில்லதான் குளிச்சுக்கிட்டு இருக்கு. கார் ஆயில்கள்ல, குறிப்பா 30-ம் அதுக்குக் கீழயும் உள்ள கிரேடுகள்ல, உராய்வைக் குறைக்கிற சரக்கு சேர்த்திருப்பாங்க. கிளட்ச்சுக்கு உராய்வுதான் சோறு! ஸ்லிப் ஆகும். பைக்குக்கு ஜாசோ எம்.ஏ. இல்ல எம்.ஏ.2-ன்னு எழுதியிருக்கிற ஆயில்தான்.

டக் டிப்ஸ்!

* டிப் ஸ்டிக் பார்க்கிறப்போ வண்டி சமதரையில, என்ஜினை ஆஃப் பண்ணி சில நிமிஷம் கழிச்சு. ஒரு தடவை துடைச்சிட்டு, மறுபடி விட்டு எடுத்துப் பாருங்க. மேல் கோட்டைத் தாண்டியும் ஊத்தக் கூடாது. கிராங்க் அதைக் கடைஞ்சு நுரையாக்கிடும். நுரை படலம் தாங்காது.

* டீசல் என்ஜின்ல ஆயில் மாத்தின கொஞ்ச நாள்லயே கறுத்துட்டா பதற வேண்டாம். கரியைச் சுமந்துக்கிட்டு வர்றது அதோட வேலை. ஆனா காபி கலர்ல பால் மாதிரி குழம்பியிருந்தா, கூலன்ட் உள்ள கலக்குதுன்னு சந்தேகப்படணும். வண்டியை ஓட்டாதீங்க.

* ஓவர்ஹீட் ஆனா முதல் சந்தேகம் ஆயில் மேல வேண்டாம். கூலன்ட் லெவல், ரேடியேட்டர் ஃபேன், தெர்மோஸ்டாட்டைப் பாருங்க. வெறும் குழாய்த் தண்ணியா ஊத்தி ஊத்திக் கூலன்ட்டை நீர்க்க விடாதீங்க.

* ஆயில் பிரஷர் சிவப்பு லைட் எரிஞ்சா 'வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கலாம்' கிடையாது. ஓரங்கட்டி உடனே ஆஃப்!

* பில்லோட, தெரிஞ்ச கடையில வாங்குங்க. மூடி சீல் உடையாம இருக்கணும். ஆயில் மாத்தி முடிச்சதும் காலி கேன்ல கத்தியால ஒரு கீறல் போட்டுடுங்க. அதே கேன்ல போலி ஆயில் நிரப்பி இன்னொருத்தர் தலையில கட்டாம இருக்க, நம்மால முடிஞ்சது.

* இறக்கின பழைய ஆயிலைச் சாக்கடையிலயோ மண்ணுலயோ ஊத்தாதீங்க. சட்டப்படி அது அபாயகரமான கழிவு. மறுசுழற்சிக்கு அனுப்புற சர்வீஸ் சென்டர்ல கொடுத்துடுங்க.

இந்த வாரம் ஹோம்வொர்க் ஒண்ணே ஒண்ணு. வீட்டுல கார் இருந்தா, இல்ல பக்கத்து வீட்டு அங்கிள்கிட்ட இருந்தா, மேனுவலை எடுத்து ஆயில் பக்கத்தைத் திறங்க. அதுல இருக்கிற கிரேடையும் தர எழுத்தையும் ஒரு சீட்டுல எழுதி பானட்டுக்கு உள்பக்கம் ஒட்டிடுங்க. அடுத்த தடவை ஷெட்டுல யார் என்ன சொன்னாலும், பானட்டைத் திறந்ததும் பதில் கண்ணு முன்னாடி இருக்கும்.

அடுத்த வாரம்: வெயில்ல டயருக்குக் காத்து குறைச்சு வைக்கணுமா, கூட்டி வைக்கணுமா? பெட்ரோல் பங்க்ல நடக்கிற அந்தப் பட்டிமன்றத்துக்கு பானட் பக்கத்துல தீர்ப்பு. அதுவரைக்கும் தண்ணி நிறைய குடிங்க, லெவல் செக் பண்ணுங்க... ரெண்டு பேருக்கும்!